ஒருவேளையும் ஒரு வேளையும்

“ஒருவேளை சாப்பிட்டிருப்பார்” என்றால், சாப்பிட்டாரா இல்லையா என்பது சொல்பவருக்கே சரியாகத் தெரியாது. “ஒரு வேளை சாப்பிட்டிருப்பார்” என்றால், அந்த மனிதர் நாள் முழுக்க ஒரு தரம்தான் சோற்றைக் கண்டிருக்கிறார். எழுத்துகள் அதே எழுத்துகள். நடுவில் ஓர் இடைவெளி விட்டதும் சந்தேகம் போய்ப் பட்டினி வந்துவிடுகிறது.

நான் யாழ்ப்பாண நகரத்தில் ஓர் அச்சகத்தில் புறூவ் பார்க்கிறேன், அதாவது அச்சுக்குப் போகுமுன் தாளில் பிழை திருத்துகிறேன். கலியாண அழைப்பிதழ், மரண அறிவித்தல், கோயில் திருவிழா நோட்டீஸ், பாடசாலை ஆண்டு மலர், கல்வெட்டு எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் அச்சுக்குப் போகும். (தமிழ்நாட்டிலிருந்து வாசிப்பவர்களுக்கு: எங்கள் ஊரில் கல்வெட்டு என்பது ஒருவர் இறந்து 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்துக்கும் பெயர்.) எழுத்துப் பிழையை எல்லோரும் கண்டுபிடிப்பார்கள். லகரம் ளகரம் மாறினால் வீட்டுக்காரரே போன் எடுத்துச் சொல்வார். இடைவெளிப் பிழையை யாரும் பிழையாகவே எண்ணுவதில்லை. “சேர்த்து எழுதினா என்ன, பிரிச்சு எழுதினா என்ன, விளங்குதுதானே” என்பார்கள். விளங்கும்தான். வாசிப்பவர் ஒரு கணம் தடக்கி, திரும்பி வந்து, மனத்துக்குள் ஒட்டிப் படித்த பிறகு விளங்கும். அந்த வேலையை அவர் தலையில் கட்டாமல் இருக்கத்தான் என்னைப் போன்றவர்கள் இருக்கிறோம்.

ஆங்கிலத்திலும் இதே கதைதான். அக்காவின் மகன் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறான். கொப்பியோடு வந்து, “சின்னம்மா, எவ்ரிடே சேர்த்தோ பிரிச்சோ?” என்று கேட்டான். இரண்டும் உண்டு, வேலைதான் வேறு என்றேன். சேர்த்து எழுதினால் பெயரடை: எவ்ரிடே உடுப்பு என்றால் விசேஷத்துக்கு உடுத்தாத சாதாரண உடுப்பு. பிரித்து எழுதினால் ஒவ்வொரு நாளும் என்று பொருள். தினமும் பள்ளிக்கூடம் போகிறேன் என்று எழுதும்போது எவ்ரி டே என்று பிரித்துத்தான் எழுத வேண்டும். கடைப் பலகைகளிலும் விளம்பரங்களிலும் இதைத்தான் அதிகம் பிழையாகப் பார்க்கிறேன். மேபி சேர்ந்தால் நம்முடைய ‘ஒருவேளை’. மே பி பிரிந்தால் ‘இருக்கலாம்’ என்ற வினை. ஓல்ரெடி சேர்ந்தால் ஏற்கெனவே; ஓல் ரெடி பிரிந்தால் எல்லாரும், அல்லது எல்லாம், ஆயத்தம். நிறைய என்று பொருள்தரும் எ லொட் என்றைக்கும் இரண்டு சொல்தான். ஆங்கிலம் தாய்மொழியான பிள்ளைகளும் அதை ஒட்டி எழுதிக் குட்டு வாங்குகிறார்கள்.

அவனுக்கு நான் சொல்லிக்கொடுத்த வழி ஒன்றுதான். நடுவில் இன்னொரு சொல்லை நுழைத்துப் பார். எவ்ரி சிங்கிள் டே என்று சிங்கிளை உள்ளே விட முடிந்தால் அது இரண்டு சொல். எவ்ரிடே உடுப்பு என்ற இடத்தில் அந்தச் சிங்கிள் உள்ளே போகாது. எல்லாச் சோடிக்கும் இது சரிவரும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் பரீட்சை மண்டபத்தில் கைகொடுக்கும். அவன் போன பிறகு நான் யோசித்தது, இந்தச் சோதனை தமிழுக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறதே என்பதைத்தான். ‘ஒரு முழு வேளை’ சாப்பிட்டார் என்று சொல்லலாம். சந்தேகத்துக்குச் சொல்லும் ‘ஒருவேளை’க்குள் எதையும் செருக முடியாது.

நல்லெண்ணெயை எடுங்கள். ‘நல்ல தேங்காய் எண்ணெய்’ என்று நடுவில் தேங்காயை வைத்தால் வசனம் நிற்கும், ஆனால் எள்ளு போய்விடும். நல்ல எண்ணெய் எந்த வித்திலிருந்தும் வரலாம். நல்லெண்ணெய் எள்ளிலிருந்து மட்டும்தான் வரும். காறல் பிடித்துப் பழுதாய்ப் போனாலும் அதற்குப் பெயர் நல்லெண்ணெய்தான். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் மாம்பழக் காலத்தில் மட்டையில் எழுதி வைத்திருக்கும் ‘கறுத்தக்கொழும்பான்’ இன்னொன்று. சேர்த்து எழுதினால் எங்கள் ஊர் மாம்பழம். பிரித்து எழுதினால் கொழும்பிலிருந்து வந்த கறுத்த ஆள். ஆங்கிலத்தில் பிளாக்பேர்ட் இதே மாதிரி: சேர்த்து, முதல் அசையை அழுத்திச் சொன்னால் அது ஒரு குறிப்பிட்ட பறவை இனம், அதன் பெட்டை கபில நிறமாகக்கூட இருக்கும். பிரித்து, இரண்டையும் அழுத்திச் சொன்னால் காகமும் அதற்குள் வரும். ஒரு பொருளுக்குப் பெயராகிவிட்ட பிறகு அடைமொழி தன் பழைய பொருளை விட்டுவிடுகிறது. பெயர் ஒட்டிக்கொள்வதற்குக் காரணமே அதுதான்.

எந்தச் சொல் எப்போது ஒட்டும் என்பதற்குக் காலமும் ஒரு காரணம். இன்று, நாளை என்பதற்கான ஆங்கிலச் சொற்களை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை நடுவில் சிறுகோடு போட்டுத்தான் அச்சடித்தார்கள். அதற்கும் முந்தி இரண்டு சொல்லாகவே எழுதினார்கள். இன்று அந்தக் கோடு இருந்த சுவடே இல்லை.

நம்முடைய இலக்கணக்காரர்கள் இதை எப்போதோ கவனித்துவிட்டார்கள். நன்னூலில் ஒருமொழி, தொடர்மொழி என்று இரண்டைச் சொல்லிவிட்டு, பொதுமொழி என்று மூன்றாவதாக ஒன்றையும் வைத்திருக்கிறார் பவணந்தி. ஒரு சொல்லாக நின்றாலும் பொருள், பிரிந்து பல சொல்லாக நின்றாலும் வேறு பொருள். எட்டு என்றால் எண். எள், து என்று பிரித்தால் எள்ளை உண் என்று ஆகிவிடும். தாமரை பூ; தா, மரை என்றால் தாவுகிற மான். வேங்கை மரமோ புலியோ; வேம், கை என்றால் வேகிற கை. பலகையும் பல கையும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் இதையெல்லாம் பரீட்சைக்கு மனனம் செய்தபோது வெறும் விளையாட்டாகத் தெரிந்தது. இப்போது பொதுமொழி என்ற அந்த ஒரு வகைக்காகவே பவணந்தியை எனக்குப் பிடிக்கிறது.

அவர் காலத்தில் இடைவெளியே இல்லை என்பதையும் நினைக்க வேண்டும். ஏட்டில் எழுத்துகள் வரிசையாகப் போகும். சொல்லுக்குச் சொல் இடம் விட மாட்டார்கள், பல ஏடுகளில் புள்ளியும் இராது. எங்கே பிரிப்பது என்பது வாசிப்பவருடைய அறிவு. சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். இன்று நாம் புத்தகத்தைத் திறந்து சொல் சொல்லாகப் படிக்கிறோம் என்றால், அவரைப் போன்றவர்கள் ஒவ்வொரு வரியிலும் இங்கே வெட்டு, இங்கே வெட்டாதே என்று தீர்மானம் எடுத்ததால்தான். அவருக்கு முந்தியே நல்லூர் ஆறுமுக நாவலர், வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் வைத்து, சந்தி விகாரங்களைக் குறைத்து, நிறுத்தக்குறிகளை இட்டு, பிள்ளைகளும் வாசிக்கக்கூடிய வசனம் எழுதினார். காற்புள்ளி எங்கே விழ வேண்டும் என்று அவ்வளவு அக்கறைப்பட்ட மனிதர் வாழ்ந்த ஊரில் நாங்கள் ‘வர வில்லை’ என்று பிரித்து அச்சடிப்பது எனக்கு மனவருத்தம். ‘வில்லை’ தனியாக நின்றால் அது வில் என்ற சொல்லோடு ஐ சேர்ந்த வில்லை. வராதவர் கையில் வில்லைக் கொடுக்கிற வேலை இது.

அண்மையில் லண்டனிலிருந்து ஒரு மரண அறிவித்தல் வாட்ஸ்அப்பில் வந்தது. மகன் கைபேசியில் தட்டி அனுப்பியது. கடைசி வரி இப்படி இருந்தது: “இவ் அறிவித்தலை உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் ஏற்றுக் கொள்ளும் படி கேட்டுக் கொள்கின்றோம்.” இந்த வரி யாழ்ப்பாணத்து அறிவித்தல் எல்லாவற்றிலும் இருக்கும். கண் பழகிவிட்டதால் ஒருவரும் நின்று வாசிப்பதில்லை. நின்று வாசித்துப் பாருங்கள். ‘இவ்’ என்று ஒரு சொல் தமிழில் தனியாக நிற்காது. ‘இந்த அறிவித்தலை’ என்று எழுதலாம், அல்லது ‘இவ்வறிவித்தலை’ என்று சேர்க்கலாம். ‘கொள்’ தனியாக நின்றால் அது வாங்குவது, பிடிப்பது. ‘ஏற்றுக்கொள்’ என்பதில் அது துணைக்கு வந்த வினை, முன்னால் உள்ள வினையில்தான் ஒட்ட வேண்டும். ‘படி’ தனியாக நின்றால் வாசற்படி, பிரதி, அரிசி அளக்கிற படி. ‘கொள்ளும் படி’ என்று வெட்டினால் எவ்வளவு கொள்ளும் என்று கேட்கத் தோன்றும். துக்கம் சொல்லும் வரியில் ஒரு படி அரிசி வந்து நிற்கலாமா?

அதே அறிவித்தலில் ‘காலம் சென்ற’ என்றும், ‘அன்பு கணவரும்’ என்றும், ‘முன் நாள் அதிபர்’ என்றும், ‘தகனம் செய்யப் படும்’ என்றும் இருந்தன. காலஞ்சென்ற என்பது ஒரே சொல்லாக இறுகிவிட்டது. அன்புக் கணவர் என்பதில் க் வேண்டும். அந்த ஒற்றுதான் இரண்டு சொல்லையும் ஒரு பொருளாகப் பிடித்துவைக்கிறது. முன் நாள் என்றால் முந்திய ஒரு நாள். பதவியில் இருந்து இளைப்பாறியவர் முன்னாள் அதிபர்.

இறந்தவரின் தம்பி, வயது போன ஐயா ஒருவர், புறூவ் பார்க்க நேரில் வந்தார். தாளைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

“பிள்ளை, பெறாமகன் அனுப்பினதில எழுத்துப் பிழை ஒண்டும் இல்லையே. என்னத்துக்கு இவ்வளவு சிவப்பு?”

“எழுத்துப் பிழை இல்லை ஐயா, இடைவெளிதான். நான் அவர் எழுதினபடியே வாசிக்கிறன், ஒருக்கா கேளுங்கோ.”

ஒவ்வோர் இடைவெளியிலும் நிறுத்தி, ஏற்றுக் – கொள்ளும் – படி – கேட்டுக் – கொள்கின்றோம் என்று வாசித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“ஓம், அப்பிடி நாங்கள் கதைக்கிறேல்லைத்தான். அண்ணர் தமிழ் படிப்பிச்சவர். சேர்த்துவிடு பிள்ளை.”

வாயால் சொல்லிப் பார்ப்பது நல்ல வழிதான். பேசும்போது யாரும் துணைவினைக்கு முன்னால் மூச்சு விடுவதில்லை. சொல்லிக்கொடு என்றால் படிப்பி. சொல்லிக் கொடு என்றால் முதலில் ஏதோ சொல், பிறகு கையில் கொடு. படித்துப்பார் என்றால் முயற்சி செய். படித்துப் பார் என்றால் படித்துவிட்டுக் கண்ணால் பார். எங்கள் பேச்சில் இன்னும் ஓர் அழகான சோடி இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இருத்தல் என்றால் உட்காருதலும்தான். “மாமா வந்திருந்தார்” என்றால் வந்துவிட்டுப் போனார். “மாமா வந்து இருந்தார்” என்றால் வந்து கதிரையில் உட்கார்ந்தார். நுழைக்கும் சோதனையை இங்கே செய்து பாருங்கள்: ‘வந்து திண்ணையில் இருந்தார்’ என்றால் திண்ணை உள்ளே போகிறது, ஆகவே இரண்டு சொல்.

எனக்கு அதிகம் கோபம் வருவது ‘தான்’ விஷயத்தில். ஒரு பாடசாலை மலரில் “அதிபர் தான் எழுதிய கவிதையை வாசித்தார்” என்று ஒரு வரி. கவிதை அதிபருடையதா, அல்லது வேறு யாரோ எழுதிய கவிதையை அதிபரே மேடையில் ஏறி வாசித்தாரா? முதலாவது பொருள் என்றால் வரி அப்படியே சரி. இரண்டாவது பொருள் என்றால் ‘அதிபர்தான்’ என்று ஒட்ட வேண்டும். மலருக்குப் பொறுப்பான ஆசிரியரைக் கேட்டால், இரண்டு விதமாகவும் எழுதலாம்தானே என்றார். எழுதலாம், பொருள் மாறினாலும் பரவாயில்லை என்றால். வேறொருவர் எழுதிய கவிதைக்கு இடைவெளியால் உரிமை மாறிப்போகும் என்று விளக்கியதும் ஒத்துக்கொண்டார். விசாரித்துப் பார்த்ததில் கவிதை ஒரு மாணவி எழுதியதுதான். ஒட்டினேன், அவள் பெயரையும் சேர்த்தேன்.

கைபேசிதான் இதை இவ்வளவு பரப்புகிறது என்பது என் எண்ணம். தட்டும்போது அது சொல்லை முன்கூட்டியே எடுத்து நீட்டும். ஏற்றுக் என்று தொட்டால் ஓர் இடைவெளியையும் தானே போட்டுவிடும். பிறகு கொள்ளும், பிறகு படி. எழுதுகிறவர் ஒருபோதும் இடைவெளியைத் தீர்மானிப்பதில்லை. ஈய எழுத்துக் கோத்த காலத்தில் இப்படி நடக்க வழியில்லை. எங்கள் அச்சகத்துக்கு இன்னும் வந்துபோகும் பழைய அச்சுக்கோப்பாளர் ஒருவர் சொல்வார்: இடைவெளிக்கும் ஒரு துண்டு ஈயம், அதையும் கையால் எடுத்து வைக்க வேண்டும், சும்மா வந்து விழாது. அவர்களுக்கு வேறு நெருக்கடி இருந்தது. பத்திரிகைப் பத்தி ஒடுக்கம், சேர்ந்த சொல் நீளம். அதனால் வரி முடிவில் சொல்லை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவார்கள், ஆங்கிலத்தைப் போலக் கோடும் போட மாட்டார்கள். ஆனால் அடுத்த வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கக்கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தார்கள்.

எல்லாவற்றையும் ஒட்டிவிட வேண்டும் என்பதும் எனக்குப் பிடிக்காது. ‘எடுத்துக்கொண்டுவரப்பட்டிருக்கவேண்டும்’ என்று தொடருந்துபோல் எழுதுபவர்களும் இருக்கிறார்கள். வேண்டும் என்பதைத் தனியே விடலாம், அது தன் காலில் நிற்கும். சின்னப் பிள்ளைகளுக்கான புத்தகம் என்றால் இன்னும் தாராளமாகப் பிரிப்பேன், ஆனால் பொருள் கெடாத இடத்தில் மட்டும். ‘வந்தபோது’வை நான் ஒட்டுவேன், பக்கத்து மேசைத் தங்கச்சி பிரிப்பாள். இரண்டுக்கும் பொருள் மாறாது, ஆகவே ஒரு புத்தகத்துக்குள் ஒரே மாதிரி இருந்தால் போதும் என்று விட்டுவிட்டோம்.

இந்தக் கிழமை கையில் இருப்பது ஒரு கல்வெட்டு. வழக்கம்போல் சிவபுராணம் போடுகிறோம். மகள் கனடாவில் இருக்கிறார், பிள்ளைகள் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார்களாம், ஆகவே எல்லாவற்றையும் சொல் சொல்லாகப் பிரித்துத் தரச் சொன்னார். நியாயமான கேள்விதான். ஆனால் பாட்டு சொல்லால் ஓடுவதில்லை, சீரால் ஓடுகிறது. முதல் வரியிலே ‘நாதன்தாள் வாழ்க’ என்று வருகிறது, தாள் நாதனோடு ஒட்டிக்கொள்கிறது. அடுத்த வரியில் ‘நீங்காதான் தாள்வாழ்க’, அதே தாள் இப்போது வாழ்கவோடு போய்விடுகிறது. சொற்கள் ஒன்றுதான், பொருளும் ஒன்றுதான். ஓசை மாறியதால் சேரும் இடம் மாறுகிறது. உரைநடையில் நான் பொருளைப் பார்த்து வைக்கிற இடைவெளியை இங்கே வைக்க எனக்கு உரிமை இல்லை. 31ஆம் நாள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து படிக்கும்போது மூச்சு விழும் இடம் சீரின் முடிவு. அதைக் குலைத்தால் கூட்டமாகப் படிப்பவர்கள் ஆளுக்கு ஓர் இடத்தில் நிற்பார்கள்.

மகளோடு போனில் கதைத்தோம். பாட்டைச் சீர்ப்படியே விட்டு, எதிர்ப் பக்கத்தில் ஒவ்வொரு வரியையும் சொல் பிரித்து, அதன் கீழே எளிய வசனத்தில் பொருளும் தரலாம் என்றேன். பக்கம் கூடும், செலவும் கூடும். அவர் சம்மதித்துவிட்டார். எதிர்ப் பக்க வசனத்தை நேற்று இரவு உட்கார்ந்திருந்து எழுதி முடித்தேன். பாட்டுப் பக்கத்தைக் கணினியில் இருப்பவர் நல்ல எண்ணத்தோடு பிரித்துவிடாமல் இருக்க, புறூவின் ஓரத்தில் ‘இது சீர், பிரிக்க வேண்டாம்’ என்று சிவப்பில் எழுதிவைத்திருக்கிறேன்.